'இன்ஜின் வேலைக்கு வந்துடுச்சு' என்று மெக்கானிக் சொன்னால் என்ன அர்த்தம்? ரீபோர் முதல் வீட்டு வெல்டிங் வரை முழு விளக்கம்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கேட்கவே விரும்பாத வார்த்தை, "சார், இன்ஜின் வேலைக்கு வந்துடுச்சு" என்பதுதான். கையில் இருக்கும் சேமிப்பு கரையுமா, வண்டியை விற்றுவிடலாமா, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாட்டலாமா எனப் பல கேள்விகள் ஒரே நேரத்தில் வரும். இன்னொரு பக்கம், வீடியோக்களைப் பார்த்துவிட்டு வீட்டு ஷெட்டிலேயே இன்ஜினைப் பிரித்து மாட்டும் இளைஞர்களும் அதிகரித்து வருகிறார்கள்.

இன்ஜின் வேலையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? பணம் வீணாவது எந்த இடத்தில்? விரிவாகப் பார்ப்போம்.

'இன்ஜின் வேலை' என்பது ஒரே வேலையா?

இல்லை. ஒரே பெயரில் மூன்று விதமான வேலைகளைச் சொல்கிறார்கள். செலவும் மூன்றுக்கும் மூன்று விதம்.

முதலாவது ஹெட் வேலை. இன்ஜினின் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட்டை மட்டும் கழற்றி, வால்வு, வால்வு ஆயில் சீல், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றைச் சரிசெய்வது.

இரண்டாவது ரிங் வேலை. சிலிண்டர் நன்றாக இருந்து, பிஸ்டன் ரிங்குகள் மட்டும் தேய்ந்திருந்தால் ரிங் செட்டையும் தேவையான பேரிங்குகளையும் மாற்றுவது.

மூன்றாவது ஃபுல் ஓவர்ஹால். இன்ஜினை வண்டியிலிருந்து இறக்கி, கடைசி போல்ட் வரை பிரித்து, சிலிண்டரை ரீபோர் செய்து, கிராங்க் ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் செய்து, புது பிஸ்டன், ரிங், பேரிங் போட்டு மீண்டும் கட்டுவது.

ஹெட் வேலை போதும் என்ற நிலையில் இருக்கும் வண்டிக்கு ஃபுல் ஓவர்ஹால் செய்தால் பணம் வீண். ரீபோர் தேவைப்படும் வண்டிக்கு வெறும் ரிங் மட்டும் மாற்றினால், சில மாதங்களில் பழைய புகை திரும்ப வரும். அப்போது இரண்டு முறை செலவு. எனவே எந்த வேலை தேவை என்பதை அளந்து பார்த்து முடிவு செய்வதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

இன்ஜின் ஏன் தேய்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 2,250 சுற்று. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு 22.5 கோடி சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு முறை மேலே போய் ஒரு முறை கீழே வருகிறது.

இவ்வளவு ஓட்டத்திலும் உலோகமும் உலோகமும் நேரடியாக உரசாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது, ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போவது, இன்ஜின் அடிக்கடி சூடாவது ஆகிய மூன்றும்தான் அந்தப் படலத்துக்குப் பெரிய எதிரிகள்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவது. உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பு படிய வைக்கும், துரு பிடிக்க வைக்கும். ரேடியேட்டர் குழாய்கள் அடைபட்டு இன்ஜின் சூடாகும். அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். ஹெட் கேஸ்கட் போகும். ஐந்து ரூபாய் செலவில்லாத தண்ணீர் ஓர் இன்ஜினையே கேட்டுவிடும்.

அறிகுறிகள் என்ன? புகையின் நிறம் சொல்லும் செய்தி

நீலப் புகை: ஆயில் எரிகிறது என்று பொருள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு ஆயில் சீல் தேய்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங், சிலிண்டர் மீது சந்தேகம் வர வேண்டும்.

வெள்ளைப் புகை: இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்து வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசல் இருக்கலாம். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் கொழகொழவென்று படிந்திருப்பதும் ஆயிலில் தண்ணீர் கலந்ததைக் காட்டலாம்.

கறுப்புப் புகை: எரிபொருள் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், சென்சார் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை வருகிறது என்பதற்காக மட்டும் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

பேக் கம்ப்ரஷன்: இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை 'குப் குப்'பென்று அடிப்பதை மெக்கானிக்குகள் இப்படிச் சொல்கிறார்கள். எரியும் வாயு ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்பது இதன் பொருள்.

அடிப்பகுதியில் சத்தம்: இன்ஜினின் கீழ்ப் பகுதியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமான சத்தம் வந்தாலோ, ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தாலோ உடனே வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்த வேண்டும். பேரிங் போன பிறகும் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டே வீணாகும். சில நேரம் கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஒரு டோ வண்டிக்கான வாடகை அதைவிட மிகக் குறைவு.

பிரிக்கும் முன் என்ன சோதனை செய்ய வேண்டும்?

கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜ் மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்துப் பார்ப்பது. பெட்ரோல் இன்ஜின்களில் பொதுவாக 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். சரியான அளவு ஒவ்வொரு மாடலுக்கும் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டீசல் இன்ஜினில் அழுத்தம் மிக அதிகம் என்பதால் அதற்கென தனி கேஜ் தேவை.

எண்ணைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். மூன்று சிலிண்டரில் இரண்டு 170 காட்டி ஒன்று மட்டும் 110 காட்டினால், கோளாறு அந்த ஒன்றில் இருக்கிறது. பக்கத்து பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு சேர்ந்து குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது வெட் டெஸ்ட். குறைவாகக் காட்டிய பெட்ரோல் சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் சோதிப்பது. அழுத்தம் சட்டென ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கட்.

இந்த இரண்டு சோதனைக்கும் ஆகும் நேரம் பெரும்பாலான வண்டிகளில் ஒரு மணி நேரம்தான். இதைச் செய்யாமல் "பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்று யாராவது சொன்னால், முதலில் இதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

ரீபோர் என்றால் என்ன?

சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் இடத்தில், அதாவது மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் சூடும் அழுத்தமும் அதிகம், ஆயில் குறைவு. அதனால் அங்கே தேய்மானம் அதிகம். அதேபோல பிஸ்டன் பக்கவாட்டில் சாயும் திசையில் கூடுதலாகத் தேயும். வட்டமாக இருந்த ஓட்டை லேசான முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

அதனால்தான் ஒரு சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு திசையில் போர் கேஜ் வைத்து அளக்கிறார்கள். ஒரு சிலிண்டருக்கு 6 அளவு. மூன்று சிலிண்டர் இன்ஜினுக்கு 18. நான்கு சிலிண்டருக்கு 24.

தேய்மானம் எல்லை தாண்டியிருந்தால், சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து மீண்டும் சரியான வட்டமாக்குவதே ரீபோர். பெரிதான ஓட்டைக்கு ஏற்ப ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் இவை வரும். எல்லா இன்ஜினுக்கும் எல்லாப் படியும் கிடைக்காது.

உதாரணத்துக்கு 1983 முதல் 2014 வரை தயாரான மாருதி 800. இதன் 796 சிசி இன்ஜினில் மூன்று சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 72 மி.மீ. இதை 0.50 மி.மீ. ரீபோர் செய்தால் விட்டம் 69 மி.மீ. ஆகும். மொத்தக் கொள்ளளவு சுமார் 808 சிசி. அதாவது 12 சிசி மட்டுமே கூடுகிறது. "ரீபோர் போட்டா வண்டி பறக்கும்" என்று சொல்வதில் அவ்வளவு உண்மை இல்லை. இழந்த இழுவை திரும்பக் கிடைப்பதுதான் பறப்பது போலத் தோன்றுகிறது.

முதலில் பிஸ்டனா, முதலில் போரா?

முதலில் பிஸ்டனை வாங்க வேண்டும். பிறகு அந்த பிஸ்டனை அளந்து, அதற்கேற்ப சிலிண்டரைக் கடைய வேண்டும். காரணம், சிறிய பெட்ரோல் இன்ஜின்களில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மி.மீ. வரைதான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. இடைவெளி குறைந்தால் சூட்டில் பிஸ்டன் விரிந்து இன்ஜின் ஜாம் ஆகும். கூடினால் பிஸ்டன் ஆடும், சத்தம் வரும், ஆயில் குடிக்கும்.

கடைந்த பிறகு ஹோனிங் செய்வார்கள். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடும் வேலை இது. இந்தக் கோடுகளில் தங்கும் ஆயில்தான் ரிங்குக்கு உயிர். கண்ணாடி போலப் பளபளக்கும் சிலிண்டர் பார்க்க அழகு, ஆனால் அதில் புது ரிங் சரியாகப் படியாது.

கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இதே கதைதான், தலைகீழாக. அதைக் கிரைண்டிங் செய்தால் தடிமன் குறையும். அதனால் அதற்கு அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். ஹெட்டுக்கு ஃபேசிங், வால்வு சீட் கட்டிங், விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட். ஹெட் மட்டமாக இருக்கிறதா என்பதை நேர்ச்சட்டம் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ. வளைவே எல்லை.

எல்லா இன்ஜினையும் ரீபோர் செய்ய முடியுமா?

முடியாது. பழைய வார்ப்பிரும்பு பிளாக்குகளில் இது சாதாரண வேலை. சில டீசல் இன்ஜின்களில் லைனரையே கழற்றி மாற்றலாம். ஆனால் இப்போதைய பல அலுமினிய இன்ஜின்களில் சிலிண்டர் சுவர் மெலிதாக இருக்கும், சிலவற்றில் தனி உலோகப் பூச்சு இருக்கும். சில மாடல்களுக்கு ஓவர்சைஸ் பிஸ்டனே விற்பனையில் இல்லை. அங்கே பிளாக்கும் பிஸ்டனும் சேர்ந்த 'ஹாஃப் இன்ஜின்' வாங்குவதுதான் வழி. பிரிக்கும் முன்பே பார்ட்ஸ் கிடைக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டு ஷெட்டில் எதைச் செய்யலாம்?

பிரிப்பது, கழுவுவது, அளப்பது, மீண்டும் கட்டுவது ஆகிய நான்கையும் பொறுமை இருந்தால் வீட்டில் செய்யலாம். கடைசல், கிரைண்டிங், ஃபேசிங் ஆகியவற்றை ரீபோரிங் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் எமெரி பேப்பர் வைத்து கிராங்கைத் தேய்ப்பது, டிரில்லில் கல்லை மாட்டி 'ரீபோர்' செய்வது போன்றவை இன்ஜினைக் கெடுக்கும் வழிகள்.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

• ஒவ்வொரு படியிலும் போனில் போட்டோ எடுங்கள். வயர், ஹோஸ் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள்.

• போல்ட்டுகளை இடம் வாரியாகத் தனித்தனி கவரில் போட்டு எழுதி வையுங்கள். ஒரே டப்பாவில் கொட்டினால் நீளமான போல்ட் குட்டையான ஓட்டைக்குள் போய் பிளாக்கை உடைக்கலாம்.

• கனெக்டிங் ராட் கேப், மெயின் பேரிங் கேப் ஆகியவற்றை இடம் மாற்றவோ திருப்பிப் போடவோ கூடாது. அவை அந்தந்த இடத்திலேயே சேர்த்துக் கடையப்பட்டவை. எண் இல்லை என்றால் பிரிக்கும் முன்பே அடையாளம் போட வேண்டும்.

• ஹெட் போல்ட்டுகளை முழுதாகச் சூடு ஆறிய பிறகு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. மேனுவலில் வரிசை கொடுத்திருந்தால் அதுவே கடைசி வார்த்தை.

பலர் கோட்டைவிடும் இடம்: கழுவுவது

பட்டறையிலிருந்து வரும் பிளாக் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஹோனிங் கல்லின் நுண்துகள்கள் சிலிண்டர் கோடுகளில் ஒட்டியிருக்கும். பெட்ரோல், டீசல் ஊற்றிக் கழுவினால் எண்ணெய் போகும், இந்தத் துகள் போகாது. சூடான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். அதுவரை கழுவ வேண்டும். ஆயில் போகும் துளைகளுக்கும் சின்ன பிரஷ் விட்டு அலச வேண்டும். முடிந்ததும் உடனே காற்றடித்து உலர்த்தி ஆயில் தடவ வேண்டும். விட்டால் சில மணி நேரத்தில் துரு ஏறிவிடும்.

இதைத் தவிர்த்துவிட்டுக் கட்டினால், புது ரிங்கும் புது பேரிங்கும் உப்புத்தாளில் ஓடுவது போலத் தேயும்.

கட்டும்போது எதை அளக்க வேண்டும்?

பேரிங் இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய நூல் கிடைக்கிறது. அதை கிராங்க் மீது வைத்து, கேப்பை சரியான டார்க்கில் இறுக்கி, மீண்டும் கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவுகோலுடன் ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். நூல் இருக்கும்போது கிராங்கைச் சுற்றக் கூடாது.

பிஸ்டனில் மாட்டும் முன் ஒவ்வொரு ரிங்கையும் தனியாக சிலிண்டருக்குள் விட்டு, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். இடைவெளி போதவில்லை என்றால் சூட்டில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு ரிங் உடையும். மாட்டும்போது ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது.

டார்க் ரெஞ்ச் இல்லாமல் இன்ஜின் கட்டக் கூடாது. "கைப்பழக்கத்துல டைட் பண்ணிடுவேன்" என்பது சக்கர நட்டுக்கே சரியில்லை. இன்றைய பல இன்ஜின்களில் ஹெட் போல்ட் ஒரு முறை மட்டுமே பயன்படுத்தக் கூடியது. இறுக்கும்போதே லேசாக நீளும்படி செய்யப்பட்டது. அவற்றைப் புதிதாக வாங்கித்தான் போட வேண்டும்.

டைமிங் பெல்ட் அல்லது செயினின் குறிகள் ஒரு பல் மாறினாலும் வண்டி இழுக்காது. சில பல் தள்ளிப்போனால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மாட்டி முடித்ததும் செல்ஃப் அடிக்காமல், கிராங்கைக் கையால் ஸ்பானர் போட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். எங்காவது முட்டினால் அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டும் ரன்னிங்-இன்னும்

முதலில் எரிபொருளும் ஸ்பார்க்கும் போகாமல் செய்து, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் நாள் முழுக்க ஐடிலில் ஓடவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது ரிங்குக்கு நல்லதில்லை. எரியும் வாயுவின் அழுத்தம்தான் ரிங்கை சிலிண்டர் சுவரோடு அழுத்திப் படிய வைக்கிறது. ஐடிலில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. லீக் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு, மிதமான வேகத்தில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். அதிக ஆர்.பி.எம்., முழு லோடு, ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். 500 முதல் 1,000 கி.மீ.க்குள் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

வீட்டில் வெல்டிங்: எது சரி, எது ஆபத்து?

ஒர்க் பெஞ்ச், பார்ட்ஸ் அடுக்கும் ரேக், சக்கரம் வைத்த தள்ளுவண்டி போன்றவை வீட்டு வெல்டிங்குக்கு ஏற்ற வேலைகள். தவறு நடந்தாலும் போவது இரும்பும் நேரமும்தான்.

எடை தாங்கும் பொருள் வேறு கதை. நான்கு சிலிண்டர் இன்ஜின்கள் பலவும் 100 கிலோவைத் தாண்டும். தகரக் கொட்டகையின் பைப்பில் செயின் பிளாக்கைக் கட்டி இன்ஜினைத் தூக்குவது விபத்தை அழைப்பதற்குச் சமம். இன்ஜின் கிரேனை வாடகைக்கு எடுப்பது நல்லது. ஜாக்கி வைத்துத் தூக்கிய வண்டிக்கு அடியில், தரமான ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் போகவே கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் ஆகியவை எச்சரிக்கை கொடுக்காமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

ஸ்டியரிங் ராடு, சஸ்பென்ஷன் ஆர்ம், பிரேக் பாகங்கள், சீட் பெல்ட் மாட்டும் இடம் ஆகியவற்றில் வீட்டு வெல்டிங் கூடவே கூடாது. பெட்ரோல் டேங்க்கை வெல்டிங் செய்வதும் அப்படித்தான். காலியான டேங்க் பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. உள்ளே தங்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும்.

வெல்டிங் செய்யும்போது மறக்கக் கூடாதவை:

• வண்டியில் வெல்டிங் என்றால் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் எலெக்ட்ரானிக் யூனிட்டுகள் போகலாம்.

• ஜி.ஐ. பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் புகை காய்ச்சல், குளிர், உடல்வலி தரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

• பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் உடனே வெல்டிங் செய்யாதீர்கள். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் உயிருக்கு ஆபத்தான பாஸ்ஜீன் வாயு உருவாகலாம்.

• வெறும் கண்ணால் ஆர்க்கைப் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். பக்கத்தில் நிற்கும் குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

• கிரைண்டரின் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள். மரம் அறுக்கும் பிளேடை அதில் மாட்டாதீர்கள்.

• கதவு மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரைப் பறிக்கும்.

வடித்த பழைய ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றக் கூடாது. 2016-ம் ஆண்டு அபாயகரமான கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. கேனில் பிடித்து, முறைப்படி சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அதே இன்ஜினைப் பழுது பார்த்துக் கட்டுவது பராமரிப்பு. ஆனால் இன்ஜினையோ பிளாக்கையோ மாற்றினால் கதை வேறு. இன்ஜின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். பிளாக் மாறினால் எண் மாறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, ஆர்டிஓ அனுமதி பெற்று ஆர்சியில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், விற்பனை என எல்லா இடத்திலும் சிக்கல் வரும்.

தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட வடிவமைப்பை உரிமையாளர் விருப்பம்போல் மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். வீட்டில் வெல்டிங் செய்து மாட்டும் புல் பார் மீதும் நடவடிக்கை எடுக்க மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

ரீபில்டா, பழைய இன்ஜினா, விற்பதா?

பாடி துரு இல்லாமல் இருந்து, பார்ட்ஸ் கிடைத்து, வண்டியை இன்னும் பல ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் ரீபில்டு அர்த்தமுள்ள செலவு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டு வரைதான் செல்லும், பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அந்த நேரம் நெருங்கினால் அதையும் கணக்கில் சேருங்கள்.

சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய இன்ஜின் செலவும் நேரமும் குறைந்த வழியாகத் தெரியும். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது மாட்டி ஓட்டினால்தான் தெரியும். வாங்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆவணமும் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. பிரிக்கும் முன் கம்ப்ரஷன் எவ்வளவு வந்தது? ஒவ்வொரு சிலிண்டருக்கும் எழுதித் தர முடியுமா?

2. சிலிண்டர், கிராங்க் அளவு என்ன? மேனுவல் எல்லை என்ன?

3. எந்த ஓவர்சைஸ் பிஸ்டன், எந்த அண்டர்சைஸ் பேரிங் போடப் போகிறீர்கள்? இதற்கு முன் ஏற்கெனவே ரீபோர் ஆகியிருக்கிறதா?

4. இன்ஜின் ஏன் போனது? ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப் ஆகியவற்றைப் பார்த்தீர்களா?

5. கழற்றிய பழைய பார்ட்ஸை வேலை முடிந்ததும் காட்டுவீர்களா?

6. பட்டறைக் கூலி, பார்ட்ஸ், மெக்கானிக் கூலி மூன்றையும் தனித்தனி பில்லாகத் தருவீர்களா?

இதில் நான்காவது கேள்விதான் முக்கியமானது. அடைபட்ட ரேடியேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் புது பிஸ்டன் போட்டால், அதே சூடு புது இன்ஜினையும் பழைய வழிக்கே கொண்டுபோகும். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவரிடம் அளவு எழுதிய ஒரு தாள் ஏற்கெனவே இருக்கும். அந்தத் தாளை வாங்கி ஆர்சியுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வண்டி புகை விட்டால் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.